வாரிசு இல்லாத கோப்பை

நேயர்களுக்கு வணக்கம்.

ஏதாவது ஒரு விளையாட்டுப் பருவத்தைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் என்னை அழைத்தபோது கிரிக்கெட்டைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். நான் மாண்ட்ரியலில் குடியிருப்பவன். இங்கே ஜூன் முதல் நவம்பர் வரை வேறொரு ஆட்டம் நடக்கிறது. கனடியக் கால்பந்து. அதில் 1995ஆம் ஆண்டுப் பருவத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அந்த ஆண்டு கனடாவின் கோப்பையை வென்றது ஓர் அமெரிக்க நகரம். சில மாதங்களில் அந்த அணியே இல்லாமல் போனது.

அமெரிக்கக் கால்பந்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு இந்த ஆட்டம் புதிதாகத் தோன்றாது. அதே முட்டை வடிவப் பந்து, அதே தலைக்கவசம், அதே மோதல். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால்தான் கணக்கு இடிக்கும். அமெரிக்கக் களத்தின் நீளம் 100 கெஜம்; 1995இல் கனடியக் களத்தின் நீளம் 110 கெஜம். அகலம் அங்கே 53 கெஜமும் சொச்சமும், இங்கே 65. அங்கே பக்கத்துக்கு 11 பேர், இங்கே 12 பேர். எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாடு, பந்தை 10 கெஜம் முன்னே கொண்டுபோக அமெரிக்காவில் நான்கு வாய்ப்பு, கனடாவில் மூன்று. இரண்டில் முடியாவிட்டால் மூன்றாவதில் பெரும்பாலும் பந்தை எதிரியின் பக்கம் ஓங்கி உதைத்துவிடுவார்கள். கால்பந்து என்ற பெயருக்கு இரண்டு நாடுகளில் கனடாதான் கொஞ்சமாவது நியாயம் செய்கிறது என்பேன்.

அப்படி உதைத்த பந்து களத்தின் கோடியில் எதிரி காக்கும் டச்டவுன் பகுதிக்குள் போய், அதை அவர்கள் வெளியே எடுத்து வர முடியாவிட்டால் உதைத்தவர்களுக்கு ஒரு புள்ளி. கம்பங்களுக்கு நடுவே குறிவைத்துத் தவறிய உதைக்குக்கூட அன்று அந்த ஒரு புள்ளி கிடைத்தது. இதைக் கேட்டு அமெரிக்கர்கள் சிரிப்பார்கள். அந்த ஒரே புள்ளியில் தோற்ற அணியின் ரசிகருக்குச் சிரிப்பு வராது.

இனி கதைக்கு வருவோம். 1990களின் தொடக்கத்தில் கனடிய லீக் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. பல அணிகளுக்குச் சம்பளம் கொடுப்பதே பெரும் பாடு. லீக்கின் ஆணையர் லாரி ஸ்மித் தெற்கே பார்த்தார். அமெரிக்காவில் கால்பந்துப் பித்துப் பிடித்த நகரங்கள் ஏராளம். அவற்றுள் பலவற்றுக்குத் தொழில்முறை அணி கிடையாது. அவர்களுக்கு இடம் கொடுத்து நுழைவுக் கட்டணம் வாங்கினால் இங்கே அடுப்பெரியும். 1993இல் சாக்ரமெண்டோ வந்தது. அடுத்த ஆண்டு லாஸ் வேகாஸ், ஷ்ரீவ்போர்ட், பால்டிமோர். லாஸ் வேகாஸில் ஆட்டத்துக்கு முன் கனடாவின் தேசிய கீதத்தைப் பாட வந்தவர் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டின் மெட்டில் பாடிவைத்தார். அந்த அணி ஒரே பருவத்தோடு மூடப்பட்டது. அதன் வீரர்களைப் பங்கிட்டபோது ஒட்டாவா அணி தேர்ந்தெடுத்தவர்களுள் ஒருவர் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். யாரும் விசாரித்துப் பார்க்கவில்லை! லீக் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேடவேண்டியதில்லை.

பால்டிமோர் மட்டும் வேறு ரகம். அந்த நகரத்துக்கு ஒரு காயம் இருந்தது. அவர்களுடைய அமெரிக்கக் கால்பந்து அணியான கோல்ட்ஸை 1984 மார்ச் மாதத்தில் ஓர் இரவில் லாரிகளில் ஏற்றி இண்டியானாபொலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார் அதன் முதலாளி. விடிந்து பார்த்தால் அணி இல்லை. அணி போன பிறகும் அதன் வாத்தியக் குழு மட்டும் கலையாமல் பத்தாண்டுகள் ஊர்வலங்களில் வாசித்துக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட ஊருக்குத்தான் ஜிம் ஸ்பெரோஸ் என்பவர் கனடிய அணியைக் கொண்டுவந்தார். அதற்கும் கோல்ட்ஸ் என்றே பெயர் வைக்கப் பார்த்தார். பழைய கோல்ட்ஸ் ஆடிய அமெரிக்க லீக், அதாவது என்எஃப்எல், நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. ஆகவே 1994 முழுவதும் பெயரில்லாமலே ஆடினார்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் "உங்கள் பால்டிமோர்..." என்று சொல்லி நிறுத்துவார், "கோல்ட்ஸ்!" என்று அரங்கமே முழங்கும். நீதிமன்றத்தால் அறிவிப்பாளரின் வாயைத்தான் கட்ட முடிந்தது. அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக முப்பதாயிரத்துக்கு மேல் கூட்டம் வந்தது. இறுதி ஆட்டத்தில் மட்டும் வான்கூவரில் கடைசி உதையில் தோற்றார்கள். 26க்கு 23. கனடா பெருமூச்சு விட்டது.

1995இல் பெயர் வந்தது: ஸ்டாலியன்ஸ். கோல்ட் என்றால் குதிரைக்குட்டி, ஸ்டாலியன் என்றால் ஆண் குதிரை; மறுபடியும் குதிரைதான். லீக்கில் அப்போது 13 அணிகள். எட்டு கனடாவில், ஐந்து அமெரிக்காவில். சாக்ரமெண்டோ அணி சான் அன்டோனியோவுக்குக் குடிபெயர்ந்திருந்தது. மெம்பிஸும் பர்மிங்காமும் புதிதாகச் சேர்ந்திருந்தன. மெம்பிஸ் அரங்கில் கனடிய அளவுக் களம் அடங்கவில்லை. விதிப்படி 20 கெஜ ஆழம் இருக்கவேண்டிய டச்டவுன் பகுதி அங்கே பாதிகூடத் தேறவில்லை. மூலைகளை வெட்டி ஒப்பேற்றினார்கள். பர்மிங்காமில் வேறு சிக்கல். அலபாமா மாநிலத்தில் வெள்ளிக்கிழமை பள்ளிக் கால்பந்து, சனிக்கிழமை கல்லூரிக் கால்பந்து. கோடையில் வந்த கூட்டம் கல்லூரிப் பருவம் தொடங்கியதும் சில ஆயிரமாகக் கரைந்துவிட்டது.

கனடிய ரசிகர்களின் மனக்குறை ஒன்றும் உண்டு. அதில் நான் அவர்கள் பக்கம். அன்றைய விதிப்படி கனடிய அணிகள் தங்கள் வீரர்களுள் பாதிக்கு மேல் கனடியர்களை வைத்திருக்க வேண்டும். அமெரிக்க அணிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. முழுக்க அமெரிக்கர்களையே இறக்கலாம். வீட்டுக்காரருக்கு அளந்து போட்டுவிட்டு விருந்தாளிக்கு அண்டாவைத் திறந்துவிட்டதைப் போல. ஆனாலும் பால்டிமோரின் வெற்றிக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அதே சலுகை ஷ்ரீவ்போர்ட்டுக்கும் இருந்தது. அவர்கள் தோற்றுக்கொண்டேதான் இருந்தார்கள். பால்டிமோரின் பயிற்சியாளர் டான் மேத்யூஸ் கனடாவில் நெடுங்காலம் பழகியவர். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் ட்ரேசி ஹாம் எட்மண்டனில் பல ஆண்டுகள் ஆடிவிட்டு வந்தவர். மூன்று வாய்ப்பு ஆட்டத்தின் சூட்சுமம் தெரிந்தவர்களை ஸ்பெரோஸ் தேடிப் பிடித்தார். மற்ற அமெரிக்க அணிகள் பலவும் அதைச் செய்யவில்லை. பந்தோடு ஓடுவதற்கு மைக் பிரிங்கிள் இருந்தார். அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். பால்டிமோர் 18 ஆட்டங்களில் 15இல் வென்றது.

நவம்பர் தொடக்கத்தில் பிளேஆஃப், அதாவது தோற்றால் வெளியேறும் ஆட்டங்கள் தொடங்கின. வின்னிபெக்கை வென்றார்கள். அடுத்த ஆட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, நவம்பர் 6ஆம் தேதி, கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் முதலாளி ஆர்ட் மோடெல் பால்டிமோரில் மேடை போட்டு, தன் அணியை இந்த நகரத்துக்குக் கொண்டுவருவதாக அறிவித்தார். அமெரிக்க லீக் திரும்பி வருகிறது! ஊர் குதித்தது. பதினொரு ஆண்டுக்கு முன் தங்களுக்கு நடந்ததை இன்று இன்னோர் ஊருக்கு நடத்துகிறோமே என்று சிலர் கூசினார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஸ்டாலியன்ஸ் என்ன ஆகும் என்று கேட்க அன்று யாருக்கும் நேரமில்லை. நவம்பர் 12இல் சான் அன்டோனியோவுடன் ஆட்டம் நடந்தது. 21க்கு 11 என்று வென்று, தாங்கள் வேண்டாத விருந்தாளி ஆகிவிட்ட ஊரிலிருந்து இறுதி ஆட்டத்துக்குக் கிளம்பினார்கள்.

இறுதி ஆட்டம் நவம்பர் 19, சஸ்காட்செவன் மாகாணத்து ரெஜைனா நகரில். சமவெளி ஊர்; காற்றைத் தடுக்க ஒரு குன்றுகூட இல்லை. அன்று மணிக்கு 85 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. தற்காலிகமாகக் கட்டிய படிக்கட்டு இருக்கைகள் தாங்குமா என்று கவலைப்பட்டார்கள். எதிரணி கால்கரி, அவர்களும் 15 ஆட்டம் வென்று வந்தவர்கள், குவாட்டர்பேக் டக் ஃப்ளூட்டி. குள்ளமானவர் என்று அமெரிக்க லீக் ஓரங்கட்டியதால் கனடாவுக்கு வந்து அரசராக இருந்தவர். காற்று வீசும் திசையில் ஆடும் அணி பறந்தது. எதிர்த்து ஆடும் அணி தவழ்ந்தது. பால்டிமோரின் கிறிஸ் ரைட் எதிரி உதைத்த பந்தைப் பிடித்து 82 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். எதிரியின் இன்னோர் உதையைத் தடுத்து அதையும் டச்டவுன் ஆக்கினார்கள். கார்லோஸ் ஹுயர்டா அந்தக் காற்றிலும் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஐந்து ஃபீல்டு கோல் போட்டார். மூன்றாம் கால்பகுதியில் ட்ரேசி ஹாம், வீசுவதற்கு வழியில்லாத பந்தைத் தானே எடுத்துக்கொண்டு கோட்டுக்குள் ஓடினார். எனக்கு ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. 37க்கு 20. 1909இல் கவர்னர் ஜெனரல் கிரே பிரபு கொடுத்த கோப்பை முதன்முறையாக எல்லை தாண்டியது. அதன் பிறகு தாண்டவே இல்லை.

அடுத்த கோடைக்குள் மற்ற நான்கு அமெரிக்க அணிகளும் மறைந்தன. ஸ்பெரோஸ் தன் மூட்டையைக் கட்டிக்கொண்டு மாண்ட்ரியல் வந்து, 1987இல் செத்துப்போயிருந்த அலூவெட்ஸ் என்ற பெயருக்கு உயிர் கொடுத்தார். பிரிங்கிளும் இன்னும் பல வீரர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஆனால் லீக்கின் ஏட்டில் மாண்ட்ரியலின் வரலாறு 1987இல் நின்று 1996இல் தொடர்கிறது. பால்டிமோரின் கோப்பை மாண்ட்ரியல் கணக்கில் சேராது. பால்டிமோருக்கோ இப்போது மோடெல் கொண்டுவந்த அமெரிக்க லீக் அணியான ரேவன்ஸ் இருக்கிறது. கோப்பையின் அடியில் 1995க்கு நேரே பொறித்த பெயர்களுக்கு உரிமை கொண்டாட ஓர் ஊரும் இல்லை.

ஒரு சின்ன இடைச்செருகல். 2027 முதல் களத்தை 100 கெஜமாகக் குறைக்கப்போவதாகக் கனடிய லீக் 2025இல் அறிவித்தது. அன்று மெம்பிஸின் மூலைகளை வெட்டினார்கள். இப்போது சொந்த வீட்டிலேயே அளவுநாடாவை எடுத்திருக்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை.

அலூவெட்ஸ் முதலில் பிரம்மாண்டமான ஒலிம்பிக் அரங்கில் காலி இருக்கைகளுக்கு முன்னால் ஆடியது. 1997இல் ஒரு ராக் இசைக் கச்சேரிக்காக அந்த அரங்கு முன்பே பதிவாகிவிட, பிளேஆஃப் ஆட்டத்தை மெக்கில் பல்கலைக்கழகத்தின் பழைய மோல்சன் அரங்குக்கு மாற்றினார்கள். மவுண்ட் ராயல் மலைச்சரிவில் உள்ள சின்ன அரங்கு. கூட்டம் நிரம்பி வழிந்தது. அணி அங்கேயே தங்கிவிட்டது. நானும் அங்கேதான் போகிறேன். அலூவெட்ஸ் தங்கள் வீரர்கள் சிலரைக் கௌரவிக்க அவர்களுடைய எண்களை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஒதுக்கிவைத்திருக்கிறது. அவற்றில் 27 பிரிங்கிளுடையது. ஒருமுறை பக்கத்து இருக்கையில் இருந்த முதியவரிடம் 1995 இறுதி ஆட்டத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"அந்த ஆண்டு எங்களுக்கு அணியே இல்லையே, ஐயா" என்றார். பிறகு எண் 27 போட்ட தன் பழைய சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

நன்றி, வணக்கம்.