அம்மாச்சிக்குப் புது முழங்கை, ஆனால் குடம் தூக்கக் கூடாது

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சாப்பாட்டு வீடியோ இல்லை, திருமங்கலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறேன், நடுவில் குக்கர் விசில் கேட்டால் கண்டுக்காதீங்க. அம்மாச்சி கை என்ன ஆச்சு என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள்.

போன வருஷம் வழுக்கி விழுந்ததில் மேல்கை எலும்பு, முழங்கைக்குச் சற்று மேலே உடைந்தது. பிளேட், ஸ்க்ரூ எல்லாம் வைத்தும் எட்டு மாதமாகச் சேரவே இல்லை. கையைத் தூக்கினால் உடைந்த இடத்தில் இன்னொரு மூட்டு முளைத்த மாதிரி ஆடும், பார்க்கிற எனக்கே வயிறு கலங்கும். நடுவில் சித்தப்பா ஒருத்தர் எண்ணெய்க் கட்டு போடலாம் என்று கிளம்பினார், நான்தான் சண்டை போட்டு நிறுத்தினேன்.

இளவயதாக இருந்தால் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்து மறுபடி பிளேட் போட்டுச் சேர்க்கத்தான் பார்ப்பார்களாம். அம்மாச்சிக்கு 72. எலும்பு அப்பளம் மாதிரி, கீழ்த்துண்டில் ஸ்க்ரூ பிடிக்க இடமே இல்லை. அதனால்தான் மூட்டு மாற்று. ஏற்கெனவே கத்தி பட்ட கை என்பதால், உள்ளே கிருமி இருக்கிறதா என்று முதலில் சோதித்தார்கள். சுண்டு விரலுக்குப் போகிற நரம்பு முழங்கையின் உட்பக்கம் ஒட்டியே ஓடுகிறது, அதைத் தனியாகப் பிரித்துப் பாதுகாத்துவிட்டுத்தான் வேலையே ஆரம்பம்.

வேலை என்னவென்றால், மேல்கை எலும்புக்குள் ஒரு உலோகத் தண்டு, முன்கை எலும்புக்குள் ஒன்று, இரண்டையும் எலும்பு சிமென்ட் போட்டு இறுக்கி, நடுவில் கதவுக் கீல் மாதிரி கோத்துவிடுகிறார்கள். ஆனால் இந்தக் கீலில் பக்கவாட்டிலும் கொஞ்சம் ஆட்டம் விட்டிருக்கிறார்கள். ஆடாத பழைய வகைகளில் இழுப்பு முழுக்க சிமென்ட் மேலேயே விழுந்து சீக்கிரம் லூஸ் ஆகிவிடுமாம்.

வலி போயே போச்சு. தட்டிலிருந்து வாய்க்குக் கை போகிறது, கொண்டையை அம்மாச்சி தானே முடிந்துகொள்கிறது. முதல் நாள் கொண்டை கோணலாக நின்றது, யாரையும் தொடவிடவில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு மண்டையில் ஏறாதது ஒன்றுதான். அந்தக் கையால் ஒரே ஒரு தடவை என்றாலும் 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, அடிக்கடி தூக்குவது என்றால் 1 கிலோதான், அதுவும் ஆயுசுக்கும். தண்ணீர்க் குடம் சுத்தமாகக் கிடையாது. இந்தக் கணக்கை அடுப்படிச் சுவரில் எழுதியே ஒட்டிவிட்டேன்.

நேற்று அரிசி சிப்பத்தை இழுத்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. கேட்டால் "பாதிதானடா இருக்கு" என்கிறது. 25 கிலோ சிப்பத்தில் பாதி எவ்வளவு அம்மாச்சி?

இருங்க, உள்ளே குடம் உருளுகிற சத்தம் கேட்கிறது.