மழை நாளின் மராமத்து

நேயர்களுக்கு வணக்கம். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் நிலம், நாலைந்து ஆடு மாடுகள், ஒரு கோழிக்கூடு என்று வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். விடியும்போதே மழை கொட்டிக்கொண்டிருந்தால், படுக்கையில் கிடந்தபடியே மனசுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வரும். இன்றைக்கு நிலத்தில் கால் வைக்க வேண்டாம்! அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் அரை மணி நேரம். ஆடு மாட்டுக்கு மழை விடுமுறை கிடையாது. தீனி வைத்து, தொழுவத்துக்குள் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்து, கோழிக்கூட்டில் நனைந்துபோன வைக்கோலை மாற்றிப் போட்டுவிட்டு, ஈரத் தலையோடு தாழ்வாரத்துக்கு வந்து உட்காருவோம். அப்போதுதான் கண்ணில் படும், ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று நாம் மாதக்கணக்கில் ஒதுக்கிவைத்த அத்தனையும். ஆடுகிற கோடாலி, துருப்பிடித்த அரிவாள், இறுகிப்போன கதவு, ஒழுகுகிற கூரை.

இதே வரிசையில் பேசலாம் என்று குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். முதலில் கருவிகள், பிறகு கதவு, கடைசியில் கூரை.

அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மழை நாள் வேலையில் பாதி செய்கிற வேலை, பாதி பார்த்துக் குறித்துவைக்கிற வேலை. இரும்பை மழை நாளில் தாராளமாகச் செய்யலாம். மரத்தையும் கூரையையும் பார்க்கத்தான் வேண்டும், கை வைக்கக் கூடாது. இதைக் குழப்பிக்கொண்டு நான் கெடுத்த சாமான்கள் கொஞ்சநஞ்சமில்லை.

கோடாலியில் ஆரம்பிக்கிறேன். என்னைத் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள், ‘ஆரம்பித்துவிட்டான்’ என்று.

பல வருடங்களுக்கு முன்னால் இப்படி ஒரு மழை நாளில், தலை ஆடிக்கொண்டிருந்த கோடாலியை எடுத்தேன். காம்பு சுருங்கிவிட்டது, அவ்வளவுதானே? வாளியில் தண்ணீர் நிரப்பி, கோடாலியைத் தலைகீழாக முக்கிவைத்தேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் தலை கல்லு மாதிரி இறுகி நிற்கிறது. எனக்கு ஒரே பெருமை. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஆட்டிப் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே” என்றார். என் அண்ணன் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது லேசில்லை.

மழை விட்டது, வெயில் வந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். விறகு பிளந்துகொண்டிருந்தேன். ஓங்கினேன், கை திடீரென்று லேசாகிவிட்டது. காம்பு மட்டும்தான் கையில் இருக்கிறது. தலை பின்பக்கமாகப் பறந்து, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் பட்டு, உள்ளே விழுந்தது. அண்ணன் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “டேய், போனது கோடாலித் தலை, நல்லவேளை” என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அந்தத் தலையைத் தொட்டியிலிருந்து எடுத்து, மரவேலை தெரிந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “தம்பி, தண்ணி குடிச்சா கட்டை வீங்கும். வீங்க இடமில்லேன்னா நசுங்கும். நசுங்கினது காஞ்சா, முன்னே இருந்ததைவிட இளைச்சுப் போகும்.” முழு விளக்கமும் அதில் வந்துவிட்டது. ஈரம் ஏறும்போது மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட வளர்வதே இல்லை, குறுக்கே மட்டும் பருக்கிறது. சுற்றிலும் இரும்பு வளையம் இருந்தால் எங்கே பருக்கும்? உள்ளே இருக்கிற நார்கள் ஒன்றையொன்று நெரித்து நசுங்கிவிடுகின்றன. காய்ந்ததும் மரம் சுருங்கும், நசுங்கிய நார் நசுங்கியதுதான். ஆக, ஒவ்வொரு முறை ஊறவைக்கும்போதும் காம்பு முன்பைவிடத் தளர்ந்துபோகிறது. திரும்பவும் சொல்கிறேன், ஆடுகிற காம்பைத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். சுத்தியலும் அப்படித்தான், கைக்கோடாலியும் அப்படித்தான்.

அப்படியென்றால் என்ன செய்வது? கோடாலியைத் தலை கீழே தொங்குகிறபடி காம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். தரையில் எதிலும் தலை முட்டக் கூடாது, அந்தரத்தில் தொங்க வேண்டும். இப்போது மேலே இருக்கிற காம்பின் அடியை மரச்சுத்தியால் தட்டுங்கள். தலை கழன்று கீழே விழும் என்றுதான் நினைப்போம். விழாது. கனமான இரும்பு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், காம்பு அதற்குள் இன்னும் இறங்கும். பார்ப்பதற்கு, தலை காம்பில் ஏறிவருவது மாதிரி இருக்கும். முதல் தடவை பார்த்தபோது என் கண்ணையே நான் நம்பவில்லை. அது நன்றாக உட்கார்ந்த பிறகு நன்கு காய்ந்த மர ஆப்பு ஒன்றை அடித்து இறக்க வேண்டும். பச்சை மரத்தில் ஆப்பு செய்தால் அதுவும் காய்ந்து சுருங்கும், கதை பழையபடி முதலிலிருந்து. காம்புக்கு மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ஒன்று இருக்கிறது. அதைப் படம் போடாமல் சொன்னால் உங்களையும் குழப்புவேன், நானும் குழம்புவேன். விட்டுவிடுகிறேன்.

கடைசியாகக் காம்புக்கு ஆளிவிதை எண்ணெய் பூசலாம். இந்த இடத்தில் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். அந்த எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துத்தான் இறுகுகிறது, இறுகும்போது சூடாகிறது. காம்பின் மேல் மெல்லிய பூச்சாக இருக்கும்போது அந்தச் சூடு தெரியாது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டால், சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சேர்ந்து, யாரும் தீக்குச்சி கிழிக்காமலே துணி பற்றிக்கொள்ளும். வெளியே அடைமழை, உள்ளே தீ! துணியை விரித்துக் காயப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள்.

சரி, அரிவாள். துரு அதிகமென்றால் சமையலறை வினிகரில் ஒரு இரவு கிடக்கட்டும். அதில் 5 சதவீதம் போல அசிட்டிக் அமிலம்தான் இருக்கிறது, துருவை இளக்க அது போதும். மறக்காமல் எடுத்துவிட வேண்டும், நாள் கணக்கில் விட்டால் நல்ல இரும்பையும் அது தின்ன ஆரம்பிக்கும். தேய்த்து, சோடா மாவு கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, எண்ணெய் தடவுங்கள். அரம் போடும்போது முன்னே தள்ளுகையில்தான் அது வெட்டும். இழுக்கும்போதும் அழுத்தினால் மழுங்குவது அரத்தின் பல். மின்சாரச் சாணையில் பிடிக்கிறவர்கள் அடிக்கடி தண்ணீரில் தோய்த்துக்கொள்ளுங்கள். விளிம்பு நீலமாக மாறினால் சூடு கிட்டத்தட்ட 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் இரும்பின் உரம் போய்விடும், பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. கையால் தீட்டினால் இந்தக் கவலையே இல்லை. மழைச் சத்தத்தோடு கல்லில் தீட்டுகிற சத்தமும் சேர்ந்தால் கேட்கவும் நன்றாக இருக்கும்.

கோணல் ஆணிகளை நிமிர்த்துவது பற்றியும் சொல்ல நினைத்தேன். டப்பா நிறைய நிமிர்த்திவைத்திருக்கிறேன், அதில் ஒன்றைக்கூட இதுவரை அடித்ததில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இனி கதவு. மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொள்ளும், தோளால் இடித்துத் திறப்போம். உடனே இழைப்புளியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கோடாலிக் காம்பில் நடந்ததேதான் இங்கேயும். கதவுப் பலகை ஈரத்தில் குறுக்கே பருத்திருக்கிறது. இன்று இழைத்தால் இன்றைக்குச் சரியாக இருக்கும், கோடை வந்ததும் ஒரு விரல் நுழைகிற இடைவெளி விடும். என் வீட்டுப் பின்கதவில் அந்த இடைவெளி இன்னும் இருக்கிறது, பல்லி தாராளமாகப் போய் வருகிறது. அதனால் இன்று எங்கே உரசுகிறது என்று பென்சிலால் கோடு மட்டும் போடுங்கள். கீல் திருகாணி தளர்ந்து கதவே சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பல சமயம் குற்றம் அங்கேதான் இருக்கும், அதை இன்றே முறுக்கிவிடலாம். மரம் காய்ந்த பிறகும் உரசினால் மட்டும், அந்தக் கோட்டில் கொஞ்சம் இழையுங்கள். கதவின் மேல் விளிம்பிலும் அடி விளிம்பிலும் பெயின்ட் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது, கண்ணுக்குத் தெரியாத இடமாயிற்றே. மரம் தண்ணீர் குடிக்கிற வாய் அதுதான்.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். கூரைக்கு இரண்டே நிமிடம். தவறு கோடாலியுடையது.

வேகமாகச் சொல்கிறேன். சொட்டு விழுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பாதீர்கள். தண்ணீர் மேலே ஓரிடத்தில் நுழைந்து, சட்டத்தின் அடிப்பக்கமாகவே வழுக்கிக்கொண்டு வந்து, ஒரு முடிச்சிலோ ஆணியிலோ தடுக்கித்தான் சொட்டும். டார்ச் அடித்து ஈரத் தடத்தை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டே போங்கள். நுழைகிற இடம் தெரிந்ததும், பக்கத்துச் சுவர்களிலிருந்து எத்தனை அடி என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள், காய்ந்த பிறகு தேடினால் அகப்படாது. இப்போதைக்குச் சொட்டுகிற இடத்தில் ஒரு நூலைக் கட்டி வாளிக்குள் விட்டால், தண்ணீர் நூலோடு சத்தமில்லாமல் இறங்கும். விளக்குப் பக்கம் ஒழுகினால் முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள், ஈரக் கையோடும் ஈரத் தரையில் நின்றும் அதைத் தொடாமல். ஈரக் கூரையில் ஏறவே ஏறாதீர்கள்.

இன்னொன்று, வாளி என்றதும் ஞாபகம் வந்தது. 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 சதுர மீட்டருக்கு 1 லிட்டர் தண்ணீர். 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் உள்ள கூரையில் 25 மில்லிமீட்டர் பெய்தால் 2,500 லிட்டர். தெறித்துப் போனது, ஓடு குடித்தது எல்லாம் கழித்தாலும் பெரும்பகுதி கூரை விளிம்பில் தண்ணீரை வாங்கிக்கொள்கிற வாரிக்குத்தான் வரும். அந்த வாரியில் இலை அடைத்திருக்கிறதா என்று குடை பிடித்துக்கொண்டு கீழே நின்று பார்த்தாலே… ஒரு விரல் ஆகிவிட்டது. சரி, வாரியை இன்னொரு நாள் பேசுவோம். வணக்கம்.