வெளுக்காமல் எடுப்போம்: ஸ்டுடியோவில் கறுப்பு முகம்

வணக்கம் நண்பர்களே. போன வீடியோ பார்த்தவர்களில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: ‘அண்ணா, ஸ்கின்னுக்கு எந்த பிளகின் போடுறீங்க?’ பிளகின் என்றால் எடிட்டிங் சாஃப்ட்வேரோடு சேர்த்துக்கொள்ளும் துணை புரோகிராம்; அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். லைட்டும் மேக்கப்பும் ஒழுங்காக இருந்தால் கம்ப்யூட்டரில் அவ்வளவு வேலையே இருக்காது என்பதைத்தான் இன்றைக்குக் காட்டப்போகிறேன்.

ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது என் அக்கா மகள். நல்ல கறுப்பு. அடுத்த மாதம் கல்யாணம் என்பதால் மேக்கப் போட்டுப் பார்க்க அவளுக்கும் இது ஒரு சாக்கு. இப்போதைக்கு வெறும் முகம். பின்னால் கருநீலத் துணி.

முதலில் ஒரே ஒரு ஃப்ளாஷ், முன்னால் எதுவும் மாட்டாமல். எடுத்துவிட்டேன், பெரிதாக்கிக் காட்டுகிறேன். நெற்றி, மூக்கு நுனி, கன்னமேடு, மூன்று இடத்திலும் சுண்ணாம்பு வைத்த மாதிரி வெள்ளைப் புள்ளி. மற்ற இடமெல்லாம் இருட்டு. இதைப் பார்த்தவுடன் ஃப்ளாஷ் பவரை ஏற்றுவார்கள், இல்லையென்றால் மேக்கப் போடுபவரைக் கூப்பிட்டு இன்னும் பவுடர் அடிக்கச் சொல்வார்கள். இரண்டுமே வேண்டாம்.

முகத்திலிருந்து கேமராவுக்கு வரும் வெளிச்சம் இரண்டு வகை. ஒன்று தோலுக்குள் போய், அங்கே சிதறி, தோலின் நிறத்தோடு வெளியே வருவது. இன்னொன்று உள்ளே போகாமல் மேல்பரப்பிலேயே பட்டுத் தெறிப்பது. அதுதான் பளபளப்பு. இந்தத் தெறிப்பு, நேராக விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு நாலைந்து பங்குதான். சிவந்த தோலோ கறுத்த தோலோ, பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் கறுத்த தோலில் உள்ளேயிருந்து திரும்பி வரும் வெளிச்சம் குறைவு என்பதால், அதே பளபளப்பு தூக்கலாகத் தெரிகிறது. பவரை ஏற்றினால் அந்தப் புள்ளியும் சேர்ந்துதான் ஏறும்.

சரி, இப்போது ஃப்ளாஷுக்கு முன்னால் 120 செ.மீ. ஆக்டா சாஃப்ட்பாக்ஸ், அதாவது வெள்ளைத் துணி போட்ட எட்டுமூலைக் கூடு. முகத்துக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாக, கொஞ்சம் மேலே, கொஞ்சம் பக்கவாட்டில். பாப்பா, தாடையை லேசாக இறக்கு. அவ்வளவுதான். இந்தப் படத்தைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் போய்விட்டன. நெற்றிப்பொட்டிலிருந்து தாடை வரை அகலமாக, மங்கலாக ஒரு பட்டை ஓடுகிறது. பளபளப்பு எங்கேயும் போகவில்லை; பெரிய லைட் என்பதால் பரவிவிட்டது. சோழர் காலத்து வெண்கலச் சிலைக்கு மூக்கும் தோளும் எடுப்பாகத் தெரிவது இந்த மாதிரி பட்டைகளால்தான். சிலை என்னவோ கறுப்புதான். கறுப்பு முகத்தில் பளபளப்பு நமக்குச் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிற ஆள், அதைப் பவுடர் போட்டுத் துரத்தாதீர்கள்.

சாஃப்ட்பாக்ஸைப் பின்னால் தள்ளிவைத்தால் முகத்துக்கு அது சின்ன லைட்டாகிவிடும். ஒரு மீட்டரில் இருப்பதை இரண்டு மீட்டருக்குக் கொண்டுபோனால் வெளிச்சமும் கால்வாசிதான். அதனால் பக்கத்திலேயே வையுங்கள், பட்டுப்புடவையில் இடித்தாலும் பரவாயில்லை. நிழல் பக்கத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிட எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் போர்டு போதும்.

பருத் தழும்பு இருக்கிற முகம் வந்தால் லைட்டைப் பக்கத்திலிருந்து அடிக்காதீர்கள். ஒவ்வொரு குழியும் தன் நிழலோடு படத்தில் நிற்கும். கேமராவுக்கு நேர் மேலே ஏற்றி, மூக்குக்குக் கீழே சின்ன நிழல் விழுகிற மாதிரி வையுங்கள். பட்டர்ஃப்ளை லைட்டிங் என்பார்கள். அரை மணி நேர எடிட்டிங் அங்கேயே மிச்சம்.

எக்ஸ்போஷர் விஷயத்தில் கேமராவை நம்ப வேண்டாம். எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் மீட்டர் கணக்குப் போடும். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டையில் வந்தால் வெளிச்சத்தைக் குறைத்து முகத்தைக் கரியாக்கும். இவளைக் கருநீலத் துணிக்கு முன்னால் வைத்தால் கூட்டி முகத்தை வெளுக்கும். கையில் பிடிக்கும் தனி லைட் மீட்டரைத் தாடைக்குக் கீழே பிடித்து அளந்தால், விழுகிற வெளிச்சத்தை மட்டும்தான் அது பார்க்கும். ஆள் என்ன நிறம் என்று அதற்குத் தெரியவே தெரியாது. மல்லிகைப்பூ இதழ் தெரியாமல் ஒரேயடியாக வெளுத்துவிடவில்லையே என்று மட்டும் ஹிஸ்டோகிராமில், அதாவது இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று கேமரா காட்டும் வரைபடத்தில், ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்இடி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. லைட் நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண்தான் சிஆர்ஐ; பெட்டியில் சிஆர்ஐ 95 என்று போட்டிருந்தால் மட்டும் மயங்க வேண்டாம். அது எட்டு வெளிர்நிறங்களின் சராசரி; அடர்ந்த சிவப்பு அந்தக் கணக்கிலேயே இல்லை. அதைத் தனியாக ஆர்9 என்று போட்டிருப்பார்கள். அது குறைவாக இருந்தால் நம் தோல் பச்சையடித்துச் சோகை பிடித்த மாதிரி இருக்கும்.

அடுத்து மேக்கப். நடுவில் கேமராவை நிறுத்திவிட்டுப் போட்டு முடித்தாயிற்று. ஃபவுண்டேஷனைக் கையில் தேய்த்து ஷேட் பார்க்காதீர்கள். தாடையும் கழுத்தும் சேரும் இடத்தில் பாருங்கள். இரண்டு ஷேட் வெளுப்பாகப் போட்டால் கறுப்பு முகம் சிவக்காது, சாம்பல் பூத்துவிடும். கண்ணுக்குக் கீழே கருவளையத்துக்கு முதலில் ஆரஞ்சு கரெக்டர், அதற்கு மேல்தான் கன்சீலர். ஆரஞ்சு இல்லாமல் போட்டால் அந்த இடம் நீலம் கலந்த சாம்பலாக நிற்கும். சன்ஸ்க்ரீன் கலந்த ஃபவுண்டேஷன் ஸ்டுடியோவுக்கு வேண்டாம். அதிலிருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு, கேமராவை ஒட்டி வரும் ஃப்ளாஷுக்கு வெள்ளையாகத் திருப்பிக் கொடுக்கும். சிலிக்கா பவுடரிலும் அதே தொல்லை. கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதுதான் வம்பு. போட்டு முடித்ததும் செல்போன் ஃப்ளாஷில் ஒரு படம் எடுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். வேர்த்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

வெளுக்க வைக்கும் பழக்கம் ஃபோட்டோஷாப்போடு வந்ததில்லை. நெகட்டிவ் காலத்தில் ‘டச்சிங்’ என்று ஒரு வேலை இருந்தது. சாய்ந்த மேசையில் தேய்த்த கண்ணாடி, கீழேயிருந்து வெளிச்சம், ஊசி மாதிரி சீவிய பென்சில். முகத்தில் கறுப்பாக இருக்கும் தழும்பு நெகட்டிவில் வெளிறித் தெரியும். அதைப் பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்பினால் பிரிண்டில் தழும்பு மறைந்துவிடும். முகம் மொத்தமும் வெளுக்க வேண்டுமென்றால் நெகட்டிவில் மெல்லிய சிவப்புச் சாயம். கலர் வந்தபிறகு கோடாக் கம்பெனி, பிரிண்ட் போடும் லேபில் நிறம் சரிபார்க்கக் கொடுத்த ‘ஷேர்லி கார்டில்’ இருந்தது பல காலம் வெள்ளைக்காரப் பெண் மட்டுமே. பல நிறப் பெண்கள் சேர்ந்திருக்கும் கார்டு 1990களில்தான் வந்தது.

இப்போது பிளகின். நான் போடுவதில்லை. ஃபோட்டோஷாப்பில் படத்துக்கு மேலே ஒரு வெறும் லேயர், பக்கத்துத் தோலை எடுத்துக் குறையை மூடும் ஹீலிங் பிரஷ். இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும் பரு, கீறல் எல்லாம் எடுக்கலாம். மச்சத்தைத் தொடக்கூடாது, பள்ளிக்கூட டி.சி.யில் அங்க அடையாளம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதை அழிக்க நாம் யார்? அப்புறம் டாட்ஜ் (வெளுப்பாக்குவது), பர்ன் (கறுப்பாக்குவது), பிரஷ் மெல்லியதாகப் படிகிற மாதிரி மிகக் குறைந்த ஃப்ளோவில். திட்டுத்திட்டாக இருக்கும் இடத்தை மட்டும் சமன் செய்கிறேன். தோலின் துவாரங்கள் அப்படியே இருக்கும். எங்கே திட்டு என்று கண்டுபிடிக்க படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக இருக்கும் சேனல்களில் நீலச் சேனலை மட்டும் திறந்து பாருங்கள், முகத்தின் குறையெல்லாம் அங்கே வந்து நிற்கும். சிவப்புச் சேனலில் அதே முகம் வழவழவென்று இருக்கும். தோலின் நிறத்தையும் நுண்ணிய விவரத்தையும் தனித்தனி லேயராகப் பிரிக்கும் ஃப்ரீக்வென்சி செபரேஷன் தெரிந்தவர்கள் செய்யுங்கள். தெரியாமல் செய்தால் பொம்மைக்குப் பெயின்ட் அடித்த கதைதான். ஆரஞ்சு நிறத்தின் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் ஆரஞ்சு லூமினன்ஸ் ஸ்லைடரை மட்டும் வலதுபக்கம் இழுக்காதீர்கள். ஊரில் பாதி ஆல்பம் வெளுத்துக் கிடப்பது அந்த ஒரு ஸ்லைடரால்தான்.

‘தம்பி, பொண்ண கொஞ்சம் கலரா காட்டுங்க’ என்று பெண்ணின் அப்பா கேட்பார். அவரிடம் வாதாடிப் பயனில்லை. அவருடைய பயத்தில் பாதி நியாயமும் இருக்கிறது: ஆல்பம் இருட்டாக வந்த அனுபவம் அவருக்கு இருக்கும். மானிட்டரை முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்தால் பிரிண்ட் இருட்டாகத்தான் வரும். மானிட்டர் வெளிச்சத்தின் அளவான நிட்ஸில் 100 முதல் 120க்குள் வையுங்கள், நிறம் சரியாகத் தெரியக் கேலிப்ரேட் செய்யுங்கள், ஆல்பத்துக்கு முன்னால் லேபில் ஒரே ஒரு படத்தை டெஸ்ட் பிரிண்ட் போட்டு அவர் கையில் கொடுங்கள். அநேகமாக அதைப் பார்த்த பிறகு யாரும் கலரைப் பற்றிப் பேசுவதில்லை.

இவளுடைய டெஸ்ட் பிரிண்ட் வெள்ளிக்கிழமை வரும். மேட் (பளபளப்பில்லாத) தாளில் ஒன்று, கிளாஸி (பளபளப்பான) தாளில் ஒன்று சொல்லியிருக்கிறேன். இரண்டையும் ஜன்னல் பக்கம் வைத்து அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். பாப்பா, எழுந்துக்கோ, முடிஞ்சுது.