இருபத்தோராம் துரும்பு

நேயர்களுக்கு வணக்கம்.

சித்திரம் கற்பித்தே காலம் கழித்த ஒருவனை வானொலியில் பேச அழைத்திருக்கிறார்கள். கரும்பலகையும் இல்லை, வெண்கட்டியும் இல்லை. ஆகவே ஒரு படத்தை வாயால்தான் வரைந்து காட்ட வேண்டும். ஒரேயொரு படம். உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய ஒரு சீட்டில் அச்சடித்த படம்.

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் போகிறவர்களுக்கு டாரட் என்ற பெயர் புதிதாக இராது. வெள்ளைக்காரப் பயணிகள் பாய் விரித்து, சீட்டுகளைப் பரப்பி, ஒருவருக்கொருவர் எதிர்காலம் சொல்வதைக் கண்டிருப்பீர்கள். என் மருமகள் அங்கே ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாள். யாரோ ஒரு பயணி விட்டுப்போன சீட்டுக்கட்டு அவள் கைக்கு வந்து, பின்னர் என் கைக்கும் வந்தது. அப்போது அவள் ஒரு நேர்முகப் பரீட்சைக்குப் போய்விட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். கட்டைக் குலுக்கி ஒன்றை எடுத்திருக்கிறாள். வந்தது “உலகம்” என்ற சீட்டு.

“மாமா, இதுதான் கடைசிச் சீட்டு. முழுமையாம், பூரணமாம். இது வந்தால் இனிச் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லையாம். அது நல்லதா?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. சரியான பதில் அன்று என்னிடம் இருக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நாளும் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் படத்தை வரைகிறேன். கண்ணை மூடிக்கொண்டாலும் சரி, அடுப்பில் கறி இருந்தால் திறந்து வைத்துக்கொண்டாலும் சரி. நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு பெரிய இலை வளையம். மேலும் கீழும் சிவப்பு நாடாவால் கட்டியிருக்கிறது. வளையத்துக்குள் ஒரு பெண், உடம்பைச் சுற்றி ஒரு துகில் மட்டும் பறக்க, ஆடுகிறாள். இரண்டு கைகளிலும் இரண்டு கோல்கள். ஒரு கால் நேராக, மற்றக் கால் மடங்கி அதன் பின்னே குறுக்காக. சீட்டின் நான்கு மூலைகளிலும் நான்கு தலைகள்: மேலே மனிதனும் கழுகும், கீழே எருதும் சிங்கமும்.

“இது எங்கள் நடராஜர் அல்லவா” என்று உங்களில் பாதிப் பேர் இந்நேரம் சொல்லியிருப்பீர்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. திருவாசி, தூக்கிய பாதம், எல்லாம் பொருந்தி வருவது போலத்தான் தெரிகிறது. ஆனால் வரலாற்றில் இரண்டுக்கும் தொடர்பில்லை. நடராஜரின் காலடியில் முயலகன் கிடக்கிறான். இந்தப் பெண்ணின் காலடியில் யாரும் இல்லை, தரையே இல்லை. அந்தரத்தில் ஆடுகிறாள்.

நான்கு தலைகளை எங்கள் கத்தோலிக்க நேயர்கள் உடனே அடையாளம் கண்டிருப்பார்கள். மத்தேயுவுக்கு மனித முகம், மாற்குக்குச் சிங்கம், லூக்காவுக்கு எருது, யோவானுக்குக் கழுகு. எசேக்கியேல் கண்ட காட்சியில் இந்த நான்கு முகங்களும் வருகின்றன. பிரான்சில் பழைய தேவாலயங்களின் வாசல் வளைவில், வாதுமைக்கொட்டை வடிவச் சட்டத்துக்குள் கிறிஸ்து வீற்றிருப்பார், சுற்றிவர இந்த நால்வரும் இருப்பார்கள். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சார்த்தர் தேவாலய வாசல் அதற்கு நல்ல உதாரணம். சீட்டு வரைந்த கைவினைஞர்கள் அந்தச் சட்டத்தை அப்படியே எடுத்து, உள்ளே உட்கார்ந்திருந்தவருக்குப் பதிலாக ஆடுகிற ஓர் உருவத்தை வைத்துவிட்டார்கள். சோதிடம் பார்க்கிறவர்கள் வேறு கணக்கும் சொல்வார்கள். எருது ரிஷபம், சிங்கம் சிம்மம், கழுகு விருச்சிகத்துக்கு நிற்கிறது, மனிதன் கும்பம். நான்கும் ஸ்திர ராசிகள். மூலைகள் நான்கும் ஸ்திரம், நடுவில் இருப்பவள் மட்டும் அசைகிறாள். இதை மனதில் வைத்திருங்கள், திரும்ப வருவேன்.

சரி, இந்தச் சீட்டுக்கு முழுமை என்ற பொருள் எங்கிருந்து வந்தது? இங்கேதான் என் பழைய பைத்தியம் ஒன்று குறுக்கே வருகிறது. மன்னிக்க வேண்டும், கடதாசி விளையாட்டைப் பற்றிப் பேசாமல் என்னால் இதைத் தாண்ட முடியாது.

டாரட் பிறந்தது 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில். சாத்திரம் சொல்வதற்காக அல்ல, விளையாடுவதற்காக. மொத்தம் 78 சீட்டுகள். 56 சாதாரணச் சீட்டுகள், மிச்சம் 22 படச் சீட்டுகள். அந்த 22இல் “முட்டாள்” என்ற ஒன்றை விட்டால், ஏனைய 21உம் நிரந்தரத் துரும்புகள், அதாவது மற்றச் சீட்டுகளை வெட்டுகிற சீட்டுகள். நாங்கள் துரும்பை ஒவ்வோர் ஆட்டத்திலும் தெரிவு செய்கிறோம். அவர்களுக்குத் துரும்பு சீட்டிலேயே வரைந்து வந்தது. மிலானில் எல்லாவற்றையும் வெட்டுகிற பெரிய துரும்பு இந்த “உலகம்”தான். பொலோஞாவில் விளையாடியவர்களோ அதற்கும் மேலே வானதூதர் சீட்டை வைத்தார்கள். ஊருக்கு ஊர் பெரியது மாறியது. பிரான்சில் இன்றைக்கும் அந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள், அங்கே 21ஆம் துரும்பை எதுவும் வெட்டாது.

முந்நூற்று நான்கு என்ற எங்கள் கடதாசி ஆட்டம் தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். படத்தைப் பார்த்தால் ராசாதானே பெரியவர்? எங்கள் ஆட்டத்தில் ராசாவுக்கு 3 புள்ளி. ராணிக்கு 2. யாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டிப் பாருங்கள், ஒரு சாதிக்கு 76, நான்கு சாதிக்கு 304. முடி சூடிய ராசாவை விட வெறும் ஒன்பது பல மடங்கு பெரியது. யார் சொன்னது? மேசையைச் சுற்றி இருப்பவர்கள் சொன்னது. சீட்டின் பெறுமதி படத்தில் இல்லை, மேசையில் இருப்பவர்களின் உடன்பாட்டில் இருக்கிறது. டாரட் வாசிப்பும் அப்படித்தான் என்பது என் எண்ணம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவர் இருந்தார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கலியாண வீடுகளில் முதல்நாள் இரவு அவர் உட்கார்ந்தால்தான் ஆட்டம் களைகட்டும். அவரிடம் ஒரு பழக்கம். துரும்பு யாக்கு கைக்கு வந்தால் கடைசிவரைக்கும் இறக்கமாட்டார். “பெரியது கடைசியில்தான் விழ வேண்டும் தம்பி, அதுதான் அழகு” என்பார். ஒருநாள் இரவு அவருடைய சோடியாக இருந்தவன் நான். 180 புள்ளி எடுப்போம் என்று கேட்டிருந்தார். ஆட்டம் போகப் போக, எதிர்ப்பக்கம் ஒன்பதையும் ஆசையும் பத்தையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கிறது. நான் கண்ணால் சாடை காட்டுகிறேன், தொண்டையைச் செருமுகிறேன், அவர் மீசையைத் தடவிக்கொண்டு புன்னகைக்கிறார். கடைசிச் சுற்று வந்தது. யாக்கைத் தலைக்கு மேலே தூக்கி, மேசை அதிர அறைந்தார். தேநீர்க் கோப்பை கவிழ்ந்தது. பந்தலுக்கு வெளியே படுத்திருந்த நாய் எழுந்து போனது. அந்தச் சுற்றில் விழுந்த மற்ற மூன்று சீட்டுகளும் என்ன தெரியுமா? இரண்டு ஏழு, ஓர் எட்டு. அவருடைய முப்பதுக்கு மேல் ஒரு புள்ளி கிடையாது. கடைசிச் சுற்றை வென்றார், ஆட்டத்தைத் தோற்றார். அதற்காக அவர் கொஞ்சமும் வருந்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். “விழுந்த விதத்தைப் பார்த்தாயா!” என்று விடியும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரிய சீட்டு என்றால் கடைசியில் விழுவது என்ற எண்ணம் மனிதருக்கு அவ்வளவு ஆழமாக இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

சாத்திரக்காரர்கள் இந்தக் கட்டை எடுத்தது மிகவும் பிந்தி. 1781இல் கூர் தெ ஜெபலன் என்ற பிரெஞ்சுக்காரர், இது எகிப்தின் பழைய ஞானநூல் என்று எழுதினார். எகிப்திய சித்திர எழுத்துகளின் பூட்டை சம்பொலியோன் திறந்ததே 1822இல். அதற்கு 41 ஆண்டு முன்பே இவருக்கு எகிப்து விளங்கிவிட்டது! ஆனாலும் அந்தக் கதை ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள்.

நான் வாயால் வரைந்த படம் 1909இல் லண்டனில் வெளிவந்தது. கட்டை வகுத்தவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட், வெளியிட்டவர் ரைடர். இரண்டு பெயரையும் சேர்த்து ரைடர்-வெயிட் கட்டு என்று உலகம் சொல்கிறது. வரைந்தவர் எங்கே? பமெலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். சிறுவயதில் சில காலம் ஜமேக்காவில் வளர்ந்தவர். 78 சீட்டுகளையும் வரைந்துவிட்டு, பெரிய வேலை, கிடைத்ததோ மிகச் சிறிய காசு என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். 1951இல் கோர்ன்வாலில் கடனோடு இறந்தார். சீட்டின் மூலையில் பாம்பு போல நெளிகிற சின்னக் கையொப்பம் ஒன்று இருக்கும், அதுதான் அவர். சித்திர ஆசிரியன் என்றபடியால் கோபப்படுகிறேன் என்று நினைக்கலாம். ஆம், அதனால்தான் கோபப்படுகிறேன். உங்கள் பிள்ளை யாராவது அந்தக் கட்டை வைத்திருந்தால், பூதக்கண்ணாடி வைத்து அந்தக் கையொப்பத்தைத் தேடச் சொல்லுங்கள்.

இப்போது சனீஸ்வரனிடம் வருகிறேன். ஆம், சனிதான். வெயிட், பமெலா இருவரும் கோல்டன் டோன் என்ற இரகசியக் குழுவில் இருந்தவர்கள். 1888இல் லண்டனில் தொடங்கிய அந்தக் குழு ஒவ்வொரு படச் சீட்டுக்கும் ஒரு கிரகமோ ராசியோ பூதமோ கொடுத்தது. முழுமைக்குரிய இந்தச் சீட்டுக்கு எதைக் கொடுத்தார்கள்? சனியை! புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்க வரிசையில் நிற்கும் எங்கள் சனங்களுக்கு இது எப்படி இருக்கும்? மருமகளிடம் சொன்னபோது சீட்டை மேசையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

காரணம் இருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியும் கிரகங்களில் மிகத் தொலைவில், மிக மெதுவாகப் போவது சனி. பழைய வானத்துக்கு அவர்தான் வேலி. கிழமைகளும் சனியோடுதான் முடிகின்றன. இதில் ஒரு வேடிக்கை: எகிப்துக் கதை வெளிவந்த அதே 1781இல்தான் ஹேர்ஷல் யுரேனசைக் கண்டுபிடித்தார். சனிக்கு அப்பாலும் வானம் இருந்தது. வேலி உடைந்து நூறு ஆண்டுக்கு மேலான பிறகும் லண்டன்காரர்கள் பழைய வேலியை வைத்தே சீட்டுக்குப் பொருள் சொன்னார்கள்.

சனி ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ 29.5 ஆண்டு. ராசிக்கு இரண்டரை ஆண்டு, ஏழரைச் சனி என்றால் மூன்று ராசி. “முப்பது வருடம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருடம் தாழ்ந்தவனும் இல்லை” என்று பெரியவர்கள் சொல்வது இந்தக் கணக்கோடு சேர்ந்துதான் போகிறது. சுற்று முடிந்தால் சனி நிற்கிறாரா? பழையபடி புறப்படுகிறார். மூலைகள் நான்கும் ஸ்திரம், நடுவில் இருப்பவள் அசைகிறாள் என்றேனே, அது இதுதான்.

எங்கள் வீட்டு வழக்கத்தையே பாருங்கள். நிறைகுடத்தை எங்கே வைக்கிறோம்? கலியாணமோ குடிபுகுதலோ, காரியம் முடிந்த பிறகா வைக்கிறோம்? முதலில், வாசலில், தலைவாழை இலையில் நெல் பரப்பி, மாவிலையும் தேங்காயும் வைத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு ஏற்றி வைக்கிறோம். நிறைவைத் தாண்டித்தான் உள்ளே போகிறோம். கோணேசர் கோவிலில், சுவாமிமலை விளிம்பில் நிற்கும் மரத்தில் தொட்டில் கட்டிவிட்டுப் போகும் பெண்களை நினைத்துப் பாருங்கள். நேர்த்தி நிறைவேறியது என்று வருகிறவளின் இடுப்பில் குழந்தை இருக்கும். அவளுக்கு வேலை அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மருமகள், “அப்படியென்றால் எனக்கு அந்த வேலை கிடைக்குமா, கிடைக்காதா?” என்றாள். “அது சீட்டுக்கு எப்படித் தெரியும் பிள்ளை? பரீட்சை வைத்தவர்களைக் கேள்” என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார். கடதாசி ஆட்டம் நேரத்தைத் தின்றுவிட்டது. சீட்டு தலைகீழாக விழுந்தால் என்ன என்பதை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கிவிடுகிறேன். முடிக்காத வேலை, தாமதம் என்று இன்றைக்குப் பலரும் சொல்கிறார்கள். வெயிட் 1911இல் வெளியிட்ட விளக்கத்தில் வேறு விதமாக இருக்கிறது. நேராக விழுந்தால் நிச்சயமான வெற்றி என்பதோடு பயணம், இடமாற்றம், நாடு விட்டு நாடு போதல் என்று எழுதியிருக்கிறார். வீட்டுக்கு ஒருவராவது கடல் கடந்திருக்கும் எங்கள் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. தலைகீழாக விழுந்தால் அசையாமை, தேக்கம், நிரந்தரம் என்கிறார். நிரந்தரத்தைக் கெட்ட பக்கத்தில் எழுதியிருக்கிறார், கவனியுங்கள். 12ஆம் சீட்டில் தலைகீழாகத் தொங்கும் மனிதனின் கால்களும் இந்தப் பெண்ணைப் போலவே குறுக்காக இருப்பதைப் பற்றியும் ஒரு விஷயம் வைத்திருந்தேன். செய்திக்கு நேரமாகிவிட்டதாம். கட்டு வைத்திருப்பவர்கள் இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வணக்கம்.