மொய் நோட்டில் எழுதாத மொய்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் இருக்கிற அண்ணனுக்கும் தங்கைக்கும், பந்தலில் இடமில்லாமல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே கேட்கிற எங்கள் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

கோடையில் அக்கம்பக்கத்து உறவை இறுக்கிக் கட்டுவது சேர்ந்து செய்கிற வீட்டு வேலையா, சேர்ந்து போகிற பயணமா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அண்ணன், வருடம் முழுக்கப் பேசாதவர்கள்கூட வேனில் ஏறிவிட்டால் மனசு விட்டுப் பேசுவார்கள் என்றார். வீட்டு வேலை என்று இறங்கினால் கடைசியில் சுவர்த் தகராறுதான் மிச்சம் என்றும் சொன்னார். அவருக்கு அடுத்துப் பேசிய தங்கை, பெண்கள் அடுப்படியை விட்டு வெளியே வருவதே அந்த இரண்டு நாள்தான், அதையும் பறிக்காதீர்கள் என்று கேட்டது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் உறவு எங்கே இறுகுகிறது என்று கேட்டால் நான் வீட்டு வேலையைத்தான் சொல்வேன், ஏன் என்று சொல்கிறேன்.

எனக்கும் பயணம் பிடிக்கும். போன வருடம் மே மாதம் எங்கள் தெருவிலிருந்து பதினெட்டுப் பேர் கொடைக்கானல் போனோம். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போக உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறதே, அதை எதிர் வீட்டுத் தம்பி போனிலேயே எடுத்துக் கொடுத்தான். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது காற்று குளிர்ந்ததும் வேனுக்குள் ஒரு சத்தம் கிளம்பியது பாருங்கள், அதை நான் மறக்க மாட்டேன். சரி, திரும்பி வந்த இரவு என்ன செய்தோம்? வேன் வாடகை, டீசல், டோல்கேட், டிரைவர் பேட்டா, ரூம் வாடகை எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் கூட்டிப் பதினெட்டால் வகுத்தோம். மறுநாள் மதியத்துக்குள் எல்லோரும் அவரவர் பங்கைக் கொடுத்துவிட்டார்கள். யாருக்கும் யாரும் ஒரு ரூபாய் பாக்கியில்லை. நல்ல மனிதர்கள், நியாயமாக நடந்துகொண்டார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கு அன்றைக்கே தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு அந்தப் பயணத்தை வைத்து யாரும் யார் வீட்டுப் படியையும் ஏற வேண்டியிருக்கவில்லை.

கணக்கு தீராமல் இருந்தால் என்ன நடக்கும் என்று வடகாடு, கீரமங்கலம், பேராவூரணி பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆடி, ஆவணி வந்தால் நம் பக்கம் மொய் விருந்து. பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, வந்தவர் பெயரையும் ஊரையும் நோட்டில் எழுதி வாங்குகிறோம். திருப்பிச் செய்யும்போது யாராவது வாங்கிய தொகையை மட்டும் வைத்துவிட்டு வருகிறோமா? அப்படி வைத்தால் ‘இத்தோடு முடித்துக்கொள்வோம்’ என்று அர்த்தம். அதனால்தான் மேலே கொஞ்சம் சேர்த்து வைக்கிறோம். அந்தச் சேர்த்து வைத்த பணம் இரண்டு குடும்பத்தையும் இன்னும் சில வருடத்துக்குக் கட்டிப் போடுகிறது. வீட்டு வேலையில் விழுகிற மொய் இதைவிடப் பெரியது. அதை எழுத நோட்டும் கிடையாது, அதனால் தீர்க்கவும் முடியாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் சித்திரை மாதம், அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்கு முந்தின வாரம், எங்கள் வீட்டுக்குத் தளம் போட்டோம். கான்கிரீட் செட்டில் பன்னிரண்டு பேர் வருவதாகப் பேச்சு, வந்தது எட்டுப் பேர். கலவை மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது, ஜல்லியும் மணலும் விழுந்துகொண்டிருக்கிறது, நிறுத்துங்கள் என்று சொல்லவும் முடியாது. சிமென்ட்டில் தண்ணீர் பட்டுவிட்டால் அது நமக்காகக் காத்திருக்காது. ஒரு பக்கம் இறுகிய பிறகு மறுபக்கம் கொட்டினால் இரண்டும் சரியாக ஒட்டாது, பின்னால் மழைத் தண்ணீர் அந்த இணைப்பு வழியாகத்தான் ஒழுகும். மேஸ்திரி மேலே நின்று கத்துகிறார், என் வீட்டுக்காரர் செய்வதறியாமல் போனை எடுத்து யார் யாரையோ கூப்பிடுகிறார். அப்போது மேற்கு வீட்டு அண்ணன் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுச் சட்டி தூக்க வந்து நின்றார். அவரைப் பார்த்து எதிர் வீட்டுத் தம்பிகள் இரண்டு பேர், அவர்களைப் பார்த்து இன்னும் மூன்று பேர். பதினோரு மணிக்குக் கரண்ட் போனது, தொட்டியில் தண்ணீர் தீரப் போகிறது. யாரும் கேட்காமலேயே தெருக்கோடி சித்தப்பா தன் டிராக்டரில் தண்ணீர் டேங்கை மாட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். மூன்று மணிக்குத் தளம் முடிந்தது.

அதோடு முடிந்திருந்தால்கூட நான் இந்த மேடையில் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். தளம் போட்டவர்களுக்குத் தெரியும், போட்டு முடித்த பிறகுதான் பெரிய வேலை. சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரைக் குடித்துக் குடித்துத்தான் இறுகுகிறது. அதுவும் சித்திரை வெயிலில் பத்து நாளாவது மேலே ஈரம் நிற்க வேண்டும், இல்லையென்றால் வெடிப்பு விடும். சுற்றிலும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். நான்காம் நாள் விடியற்காலை என் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தது. போட்டது போட்டபடி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே ஐந்து நாள். தளம் என்று ஒன்று போட்டதே எங்களுக்கு நினைவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று மாலை, நினைவு வந்து பதறிப்போய் ஏணியில் ஏறிப் பார்க்கிறேன், பாத்தி நிறையத் தண்ணீர் நிற்கிறது, அதில் இரண்டு மைனா குளித்துக்கொண்டிருக்கிறது. மேற்கு வீட்டு அத்தாச்சி ஐந்து நாளும், காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் தன் வீட்டு ஓஸைச் சுவர் வழியாக இழுத்துப் போட்டு ஏணியில் ஏறித் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறது. அதற்கு மூட்டுவலி, ஏணிப் படி நாலு ஏறினாலே முகம் சுருங்கும். நான் கீழே இறங்கி அதன் கையைப் பிடித்து அழுதேன். ‘அட, போய் மாமாவுக்குக் கஞ்சி வை புள்ள’ என்றது, அவ்வளவுதான். நடுவர் ஐயா, இதை எத்தனையால் வகுத்து எந்தப் பேப்பரில் எழுதிக் கொடுப்பது?

2018 நவம்பர் 16 விடியற்காலையை இந்தப் பந்தலில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கஜா புயல் அடித்து நின்றபோது நம் பக்கத்துத் தென்னந்தோப்புகள் எல்லாம் படுத்துக் கிடந்தன, எத்தனையோ வீட்டில் கூரையும் இல்லை, ஓடும் இல்லை, கரண்ட் வர வாரக்கணக்கானது. அன்றைக்குத் தார்ப்பாய் கட்டிச் சமாளித்தோம். நிரந்தரமாக ஓடு மேய்ந்தது அடுத்த கோடையில்தான், மழை வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று சித்திரை வைகாசி முழுக்கத் தெரு மொத்தமும் கூரை மேல்தான் இருந்தது. கீழே நிற்கிறவர் ஓட்டை இரண்டு இரண்டாக வீசுவார், சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறவர் பிடிப்பார், நடுவில் ஒன்றுகூடக் கீழே விழாது. ஒரு பெரியம்மா வீடு சுவரோடு விழுந்துவிட்டது, இனி ஓட்டு வீடு கட்டப் போவதில்லை என்று முடிவானதும், உடையாமல் கிடந்த தன் ஓடுகளை ‘யாருக்கு வேண்டுமோ எடுத்துக்குங்க’ என்று சொல்லிவிட்டது. எங்கள் திண்ணைக்கு மேலே இருப்பதில் பாதி அந்த வீட்டு ஓடு. மீதியிலும் எது எங்களுடையது, எது வடக்கு வீட்டுடையது என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியாது.

இப்போது தங்கை சொன்னதற்கு வருகிறேன், ஏனென்றால் எதிரணியில் கனமான வார்த்தை அதுதான். பெண்களுக்கு ஓய்வு வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் கொடைக்கானல் போன அன்று அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து புளிச்சோறு கிண்டி, இட்லி அவித்து, துவையல் அரைத்து, வாழை இலையில் மடித்து வேனில் ஏற்றியது யார்? ரூமில் பிள்ளைகளின் ஈரத்துணியைப் பிழிந்து ஜன்னலில் காயப் போட்டது யார்? திரும்பி வந்து இரண்டு நாள் துணி துவைத்தது யார்? அடுப்பு வேன் வரைக்கும் கூடவே வந்ததம்மா. அது மாற வேண்டும், நிச்சயமாக மாற வேண்டும், ஆண்கள் கிண்டட்டும் அந்தப் புளிச்சோற்றை. ஆனால் பயணம் போய்விட்டதாலேயே அது மாறிவிடவில்லை.

வடகம் போடுகிற நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாலு வீட்டுக்கு ஒரே அண்டாவில் கூழ் காய்ச்சுகிறோம், அரிசி மாவு ஒரு வீடு, பச்சை மிளகாயும் சீரகமும் ஒரு வீடு, விறகு ஒரு வீடு. வெயில் ஏறுவதற்குள் எங்கள் மாடியில் வேட்டியை விரித்துக் கரண்டி கரண்டியாக ஊற்றி முடிக்கிறோம். காக்காய் விரட்டத் தெருப் பிள்ளைகள் குடைக்கடியில் உட்கார்ந்திருக்கும். அப்புறம் புளி தட்டுவது. வேனில் எல்லோரும் முன்னால் இருக்கிறவரின் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம், புளி தட்டும்போது வட்டமாக, முகம் பார்த்து உட்கார்கிறோம். கை பாட்டுக்கு ஓடு உடைக்கும், நரம்பு உரிக்கும், கொட்டை தள்ளும், வாய் சும்மாதான் இருக்கிறது. எங்கள் தெருவுக்கு வாழ வந்த ஒரு பெண் ஒன்றரை வருடம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. எங்களோடு கொடைக்கானலுக்கும் வந்தது, ஏரிக்கரையில் நின்று சிரித்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டது. இந்த மாசியில் புளி தட்டிக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமலேயே, வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிப்பதைச் சொன்னது. கொட்டை எடுத்த கைகள் அப்படியே நின்றன. அன்றைக்கு மாலையே எங்களில் நாலு பேர் அந்த வீட்டுக்குப் போனோம். மேற்கொண்டு நடந்ததை நான் மேடையில் சொல்ல மாட்டேன், அந்தப் பெண் இப்போது நன்றாக இருக்கிறது. அந்தப் பேச்சு எந்த ஜன்னலோரத்திலும் வரவில்லை, புளி ஓட்டுக்கு நடுவில்தான் வந்தது.

அண்ணன் சொன்ன சுவர்த் தகராறும் உண்மைதான், எங்களுக்கே நடந்திருக்கிறது. வடக்கு வீட்டுத் தாழ்வாரத் தண்ணீர் எங்கள் பக்கம் விழுகிறது என்று ஆரம்பித்து, அரை அடி இடத்துக்காக எட்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு நாள் எங்கள் போர் மோட்டார் நின்றுவிட்டது. அதைக் கழற்றித் தூக்க வேண்டுமென்றால் பைப்போடு சேர்த்து இழுக்க ஆறேழு பேராவது வேண்டும், நடுவில் ஒருவர் கை நழுவினாலும் மொத்தமும் போருக்குள் போய்விடும். நாலு பேர் திணறிக்கொண்டிருப்பதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு வார்த்தை பேசாமல் தாண்டி வந்து பைப்பைப் பிடித்தார். மோட்டார் மேலே வந்தது. என் வீட்டுக்காரர் செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினார், அவர் வாங்கிக் குடித்தார். அடுத்த வாரமே ஓட்டு விளிம்பில் தகரம் வளைத்துத் தண்ணீரை ரோட்டுப் பக்கம் திருப்பிவிட்டோம், செலவு பாதிப் பாதி. பக்கத்தில் இருக்கிறவர்களுக்குள் சண்டை வரத்தான் செய்யும். அதைத் தீர்க்க ஒரு நாள் பக்கத்திலேயே வரவும் வேண்டியிருக்கிறது.

இன்னும் ஒன்றே ஒன்று, மணி அடித்துவிடாதீர்கள் ஐயா. மேடை ஏறுவதற்கு முன்னால் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணனிடம் கேட்டேன், நீங்கள் போன வருடம் ஒரு வாரம் குடும்பத்தோடு டூர் போனீர்களே, வீட்டில் இரண்டு கறவை மாடு நிற்கிறதே, யார் பார்த்துக்கொண்டார்கள் என்று. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார், பால் கறந்து சொசைட்டியில் ஊற்றி, வைக்கோல் போட்டு, செடிக்குத் தண்ணீரும் விட்டார் என்றார். உங்களுக்காக அவர் ஏன் அவ்வளவு செய்தார் என்று கேட்டேன். அதற்கு முந்தின கோடையில் அவருடைய மாட்டுக் கொட்டகைக்குக் கீற்று மேய அண்ணன் இரண்டு நாள் போய் நின்றிருக்கிறார். இதை நான் சொல்லவில்லை, அண்ணனே சொன்னார். தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் அவரிடமே ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அத்தாச்சி வீட்டு மாடிக்குத் தளம். காலை ஆறு மணிக்கு மெஷின் வந்துவிடும், செட்டில் எத்தனை பேர் வந்தாலும் சரி, நானும் என் வீட்டுக்காரரும் சட்டி தூக்கப் போகிறோம். பத்து நாள் தண்ணீர் விடுவதும் என் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன், அத்தாச்சி ஏணி ஏறக் கூடாது. நன்றி, வணக்கம்.