கடைசி வரிசைக்குப் பாட்டு எப்போ போய்ச் சேருது?

வணக்கம் நேயர்களே. எங்கப்பா மைக் செட் வச்சிருந்தவர். கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்துன்னு எதுவா இருந்தாலும் குழாய் ஸ்பீக்கர தென்னமரத்துல கட்டுறது அவர்தான். நான் இப்போ மேடைக் கச்சேரிகளுக்கு சவுண்ட் பண்றேன், மிக்ஸர் முன்னாடி உக்காந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. பாட்டுப் பாடுறவங்களப் பத்தி எல்லாரும் பேசுறாங்க, அந்தப் பாட்டு மேடையில இருந்து கிளம்பி உங்க காதுக்கு வர்ற வழியில என்னென்ன ஆகுதுங்கறத இன்னைக்கு பேசணும்னு ஆசை.

குளத்துல துணி துவைக்கிறத தூரத்துல இருந்து பாத்திருக்கீங்களா? துணி கல்லுல விழுந்து, திரும்ப மேல போற நேரத்துலதான் சத்தம் கேக்கும். ஏன்னா சத்தம் ரொம்ப மெதுவா வர்ற ஆளு. நம்ம ஊரு 30 டிகிரி சூட்டுல ஒரு செகண்டுக்கு சுமார் 349 மீட்டர்தான் போகும். வீட்டுக்குள்ள இது ஒரு விஷயமே இல்ல, ஆனா ஒரு பெரிய மைதானத்துல மேடையில இருந்து 80 மீட்டர் தள்ளி நிக்கிறவருக்கு பாட்டு 230 மில்லிசெகண்ட் லேட்டாதான் போய்ச் சேரும், அதாவது கிட்டத்தட்ட கால் செகண்ட். கால் செகண்டுதானேன்னு விட முடியாது, நிமிஷத்துக்கு 120 தட்டு விழற ஒரு குத்துப்பாட்டுல அது ஏறக்குறைய அரைத் தட்டு.

இத நான் அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன். ஆரம்பத்துல ஒரு ஊர்ல பெரிய கச்சேரி, கூட்டம் நீளமா போயிடுச்சு, பின்னாடி கேக்கலன்னு சொன்னாங்க, உடனே மைதானத்து நடுவுல ரெண்டு கம்பம் நட்டு ஸ்பீக்கர் போட்டுட்டேன். சத்தம் நல்லா வந்துச்சு. ஆனா பின்னாடி கயித்துக்கிட்ட நின்ன ஒரு பெரியவர் என்கிட்ட வந்து, "தம்பி, எல்லா வரியும் ரெண்டு ரெண்டு தடவ கேக்குதேப்பா, ஒரு வார்த்த புரியல"ன்னாரு. அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. கம்பத்து ஸ்பீக்கருக்கு பாட்டு கம்பி வழியா போகுது, கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள போயிடும், மேடை ஸ்பீக்கர் சத்தம் காத்துல நடந்து வருது. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டும் அவர் காதுல மோதுது. அன்னைக்கு அந்த மனுஷன் முழுக் கச்சேரியும் அப்படியேதான் கேட்டாரு, அது இன்னும் என் மனசுல உறுத்துது.

இதுக்கு வைத்தியம், கம்பத்து ஸ்பீக்கர வேணும்னே தாமதப்படுத்துறது. எங்க பாஷையில டிலே போடுறதுன்னு சொல்லுவோம். மேடையில இருந்து கம்பம் 80 மீட்டர்னா 230 மில்லிசெகண்ட், அதுக்கு மேல ஒரு 10, 15 மில்லிசெகண்ட் சேத்துக்குவோம். ஏன் அந்த 15? 1949-ல ஹெல்முட் ஹாஸ்னு ஒரு ஜெர்மன் ஆராய்ச்சியாளர் இதப் பத்தி எழுதினார், ஒரே சத்தம் ரெண்டு இடத்துல இருந்து கொஞ்சம் முன்ன பின்ன வந்தா, எது முதல்ல வருதோ அந்தப் பக்கத்துல இருந்துதான் முழுச் சத்தமும் வர்றதா நம்ம மூளை எடுத்துக்கும், பின்னால வர்றது கொஞ்சம் பலமாவே இருந்தாலும் சரி. அதனால பக்கத்துக் கம்பத்துல இருந்துதான் பலமா கேக்குது, ஆனா பாடுறவரு மேடையில இருந்து பாடுற மாதிரியே இருக்கும். எத்தன தடவ செஞ்சாலும் எனக்கு இது அதிசயம்தான். 1973-ல அமெரிக்காவுல நியூயார்க் மாகாணத்து வாட்கின்ஸ் கிளென்ல சுமார் 6 லட்சம் பேர் கூடின ஒரு ராக் கச்சேரியில டிஜிட்டல் டிலே கருவி வச்சு தூரத்து ஸ்பீக்கர்கள ஒழுங்கு பண்ணாங்க, இன்னைக்கு அந்த வேலைய ஒரு சின்னப் பெட்டியே செஞ்சுடுது.

இன்னொண்ணு, ஜனங்க கை தட்டுறது. பின்வரிசைக்கு பாட்டு போக 0.23 செகண்ட், அவங்க தாளத்துக்குத் தட்டின சத்தம் மேடைக்குத் திரும்ப வர இன்னொரு 0.23, மொத்தம் 0.46, அதாவது கிட்டத்தட்ட ஒரு முழுத் தட்டு தள்ளி. டிரம்ஸ் வாசிக்கிறவர் அந்தக் கைதட்டலக் கேட்டு வாசிச்சா பாட்டு இழுத்துக்கிட்டே போய் படுத்துடும். மேடையில இருக்கறவங்க காதுக்குள்ள இயர்பீஸ் வச்சுக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம், அது பந்தாவுக்கு இல்லைங்க.

மைக் திடீர்னு 'கூ'ன்னு கத்துதே, அது என்ன? ஸ்பீக்கர்ல வந்த சத்தம் திரும்ப மைக்குக்குள்ள போய், பெருசாகி, மறுபடி ஸ்பீக்கர்ல வந்து, மறுபடி மைக்குக்கு, இப்படியே சுத்தி சுத்தி பெருகுறது. பாடுறவங்க மைக்க நாலு விரக்கடையில பிடிக்கிறத ரெண்டு விரக்கடைக்கு கொண்டு வந்தா அவங்க குரல் 6 டெசிபல் (சத்தத்த அளக்குற அளவு) கூடக் கிடைக்கும், நான் அந்த அளவுக்கு வால்யூமக் குறைச்சுக்கலாம், கத்தலும் நின்னுடும். நான் கெஞ்சிக் கேட்டுக்கிறது அது ஒண்ணுதான்.

அப்புறம் ராத்திரி. சாயங்காலம் 4 மணிக்கு சவுண்ட் செக் பண்ணி எல்லாம் சரியா வச்சிருப்போம், 9 மணிக்கு அதே செட்டிங்ல வேற மாதிரி கேக்கும். பகல்ல தரை கொதிக்குது, கீழ்க்காத்து சூடு, மேல்காத்து குளிர்ச்சி. சூட்டுல சத்தம் வேகமா போகும், அதனால அலையோட கால் பக்கம் முந்திக்கிட்டு, சத்தம் மேல்நோக்கி வளைஞ்சு வானத்துக்குப் போயிடும். ராத்திரி மேகமில்லாம, காத்தும் அடங்கி இருந்தா தரை சீக்கிரம் ஆறிடும், நிலைமை தலைகீழா மாறி சத்தம் கீழ வளைஞ்சு நிலத்த ஒட்டியே ஓடும். சின்ன வயசுல ராத்திரி படுத்திருக்கறப்போ பக்கத்து ஊரு கோயில் பாட்டு தலமாட்டுல பாடுற மாதிரி கேட்டிருப்பீங்களே, பகல்ல அது கேட்டே இருக்காது, காரணம் இதான். ஊரு அடங்கி அமைதியா இருக்கிறதும் சேந்துக்கும். அதனாலதான் ராத்திரி ஆக ஆக நான் பேஸ், அதாவது 'தம் தம்'னு அதிருற அடிச் சத்தத்த குறைச்சுக்கிட்டே வருவேன், ரெண்டு தெரு தள்ளி ஒரு கைக்குழந்தை தூங்கிட்டிருக்கும்.

பேஸ்க்கு இன்னொரு குணம் இருக்கு. 60 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 60 தடவ அதிருற அலையோட நீளம் கிட்டத்தட்ட 6 மீட்டர். மேடைக்கு ரெண்டு பக்கமும் பேஸ் பெட்டி வச்சா, நட்டநடுவுல நிக்கிறவருக்கு நெஞ்சுல அடிக்கும், கொஞ்சம் பக்கவாட்டுல தள்ளி, நிக்கிற இடத்துல இருந்து ஒரு பெட்டிக்கு இருக்கிற தூரமும் இன்னொரு பெட்டிக்கு இருக்கிற தூரமும் 3 மீட்டர் வித்தியாசப்படுற இடத்துல ரெண்டு அலையும் ஒண்ண ஒண்ணு அழிச்சுக்கும். பெட்டி கெட்டுப்போகல, அந்த இடத்துக்கு பேஸ் போகவே இல்ல, அவ்வளவுதான். இடம் கிடைச்சா எல்லாப் பெட்டியையும் நடுவுல சேத்து வைங்கன்னு அதனாலதான் சொல்லுவேன், அலங்காரம் பண்றவங்களுக்கும் எனக்கும் ஒவ்வொரு ஊர்லயும் இதுல வாக்குவாதம் வரும்.

இப்பவும் ஒவ்வொரு கச்சேரிக்கும் மைதானத்து வாசல் கேட்டத் திறக்குறதுக்கு முன்னாடி, மேடையில ஒரு பையன மைக் முன்னாடி நின்னு கை தட்டச் சொல்லிட்டு, நான் கடைசிக் கயிறு வரைக்கும் நடந்து போவேன். அங்க நின்னு கண்ண மூடிக்குவேன். தட்டு ஒண்ணா கேட்டா திரும்பி வந்துடுவேன், ரெண்டா கேட்டா அவன தட்டிக்கிட்டே இருக்கச் சொல்லி, மிக்ஸர்கிட்ட இருக்கறவர போன்ல கூப்பிட்டு டிலே நம்பர மாத்தச் சொல்லுவேன், ஒண்ணாகுற வரைக்கும்.