வரைந்த படம் நம் கையில் இருக்க வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரையை நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் வானொலிப் பெட்டியைக் கழற்றினால் உள்ளே ஒரு பலகை இருக்கும். பெரும்பாலும் பச்சை நிறம். பழுது பார்க்கும் கடையில் பார்த்திருப்பீர்கள், பிசிபி என்பார்கள். அதில் பாகங்களை ஒன்றோடொன்று இணைத்து ஓடும் மெல்லிய செம்புக் கோடுகளை யாரோ ஒருவர் கணினி முன் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். அப்படி வரைய உதவும் கட்டற்ற மென்பொருளான கீகேட் பற்றித்தான் இன்று பேச்சு.

பிரான்ஸின் கிரெனோபிள் நகரில், ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் இருந்த ழான்-பியர் ஷராஸ் 1992-இல் இதை எழுதத் தொடங்கினார். காசு கிடையாது, மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கதை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜெனிவா பக்கத்தில் செர்ன் ஆய்வுக்கூடம் இருக்கிறது. பூமிக்கு அடியில் 27 கிலோமீட்டர் வளையத்தில் அணுத்துகள்களை ஓடவிடுகிறார்களே, அதே இடம். அந்த இயந்திரங்களைக் கட்டுப்படுத்த அவர்களுக்கு ஏராளமான பலகைகள் தேவை. பொதுப்பணத்தில் வரைந்த படங்கள் எல்லோருக்கும் போகட்டும் என்று வெளியிட ஆரம்பித்தார்கள். அதற்காகவே 2011-இல் ஓர் உரிமமும் எழுதினார்கள். ஆனால் பாருங்கள், படத்தைக் கொடுத்தாயிற்று, அதைத் திறக்கும் மென்பொருளோ விலை உயர்ந்தது. ஒரு மாணவர் கோப்பை இறக்கிக்கொள்ளலாம், திருத்த முடியாது. கொடுத்தும் கொடுக்காத கதைதான்.

அதனால் 2013-இல் செர்ன் தன் பொறியாளர்களையே கீகேட் பக்கம் திருப்பியது. அவர்கள் சேர்த்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். புதிதாக ஒரு கோடு இழுக்கிறோம், குறுக்கே பழைய கோடு நிற்கிறது. அதை அழித்துவிட்டு மறுபடி வரைவது பெரும் அலுப்பு. இப்போது அழிக்க வேண்டாம். கூட்டமான பேருந்தில் ஒருவர் ஏறினால் மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் நகர்வார்களே, அப்படிப் பழைய கோடுகள் தாமாக விலகி வழிவிடும். கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளியும் குறையாது. விலையுயர்ந்த மென்பொருள்களில் இருந்த வசதி இப்படி எல்லோர் கைக்கும் வந்தது.

இலவசம் என்பது நல்லதுதான், ஆனால் எனக்கு அது இரண்டாவது. மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது வேறு: வரைந்த படம் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஈகிள் என்ற மென்பொருளில் உலகமெங்கும் ஆர்வலர்கள் வரைந்தார்கள். அதன் இலவசப் பதிப்பில் 80 சதுர சென்டிமீட்டருக்கு மேல் பலகை வரைய முடியாமல் இருந்தது. 2016-இல் ஆட்டோடெஸ்க் என்ற மென்பொருள் நிறுவனம் அதை வாங்கியது, அடுத்த ஆண்டே சந்தா முறை வந்தது. பிறகு, 2026 ஜூன் 7-உடன் ஈகிளை நிறுத்துவதாக அறிவித்தது. அதிலேயே ஆண்டுக்கணக்கில் வரைந்தவர் என்ன செய்வார்? நல்லவேளை, 2018-இல் வந்த கீகேட் 5-ஆம் பதிப்பிலிருந்து ஈகிள் கோப்புகளை அதில் கொண்டுவர முடிகிறது. கீகேட்டின் சொந்தக் கோப்புகளோ வெறும் எழுத்துக் கோப்புகள். குறிப்பு எழுதும் எந்த மென்பொருளிலும் திறந்து படிக்கலாம். நாளைக்கே கீகேட்டை நடத்துபவர்கள் எல்லோரும் விலகிவிட்டாலும் உங்கள் படம் உங்களிடம்தான் இருக்கும். அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், படம் நம் கையில் இருக்க வேண்டும்.

எப்படித் தொடங்குவது என்பதை நிதானமாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாக: விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முதலில் எந்தப் பாகம் எதோடு இணையும் என்று காட்டும் சுற்றுப்படம், அப்புறம் பலகை. கோடுகளின் இடைவெளி போன்றவை சரியா என்று மென்பொருளே பார்க்கும் விதிச் சோதனையை ஓட்டாமல், கோப்பைப் பலகை செய்யும் ஆலைக்கு அனுப்பாதீர்கள். அதற்கும் முன்னால், பலகையைத் தாளில் அசல் அளவில் அச்சிட்டு, வாங்கி வைத்த பாகங்களை அதன்மேல் வைத்துப் பாருங்கள், கால்கள் சரியாக உட்கார்கின்றனவா என்று.

நன்றி, வணக்கம்.